கிரீட் தீவுக்கு எந்த மாதம் போகிறீர்கள்?

கிரீட் தீவுக்குப் போகிறோம், அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான். இடங்களின் பட்டியலை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். கடற்கரை மட்டும் போதும் என்றால் ஜூனில் போனாலும் செப்டம்பரில் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, மலையிடுக்கு என்று மனசில் ஆசை வைத்திருந்தால் மாதத்தைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். கொடியில் குலை இருக்குமா, ஆலையில் எண்ணெய் ஓடுமா, மலைக்குள் இறங்க அனுமதி உண்டா, அத்தனைக்கும் பதில் நாள்காட்டியில் இருக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் தீவின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரீஸ் நாட்டுத் தீவுகளிலேயே பெரியது இது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளம். வடக்கு தெற்காக அதிகபட்சம் 60 கிலோமீட்டர். ஒடுங்கிய இடத்தில் வெறும் 12. இந்த ஒல்லியான நிலத்தின் நடுவே வரிசையாக மலைகள் நிற்கின்றன. மேற்கே வெள்ளை மலைகள், நடுவில் சீலோரீடிஸ், கிழக்கே டிக்தி. சீலோரீடிஸின் உச்சி 2,456 மீட்டர். வெள்ளை மலைகளின் உச்சி அதைவிட 3 மீட்டர்தான் குறைவு. இந்த மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்.

மழை முழுக்கக் குளிர்காலத்தில் பெய்கிறது. அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை. உச்சிகளில் பனி விழுந்து வசந்தம் வரை கிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊரில் மழை என்ற பேச்சே இல்லை. சுண்ணாம்புக்கல் தண்ணீரை மேலே தேக்கி வைக்காது. விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு, எங்கேயோ மலையடிவாரத்தில் ஊற்றாக வெளியே விடும். ரெதிம்னோ நகரத்துக்குத் தென்மேற்கே ஆர்கிருபோலி என்ற ஊரில் அப்படிப் பீறிட்டு வரும் ஊற்றுகளைப் பார்க்கலாம். தீவின் ஒரே இயற்கையான நன்னீர் ஏரியான கூர்னாஸ் நிறைவதும் ஊற்று நீரால்தான். தண்ணீர் மேலே வேகமாக ஓடிய இடங்களில் அது கல்லை அறுத்துக்கொண்டே போயிருக்கிறது. அந்த அறுப்புகள்தான் மலையிடுக்குகள்.

இப்படிப்பட்ட மண்ணில் எது பிழைக்கும்? கோடை முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடித்து, வேரை ஆழமாக விட்டு, குளிர்கால மழையை வைத்துக் காலம் தள்ளுகிற பயிர் பிழைக்கும். ஆலிவும் திராட்சையும் அந்த ஜாதி. ஆக, தோப்பும் தோட்டமும் மலையிடுக்கும் சுற்றுலாக் கையேட்டில் தனித்தனி அத்தியாயமாக இருந்தாலும், மூன்றையும் உண்டாக்கியது ஒரே மலையும் ஒரே மழையும்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு போனால் சாலையோரத்தில் பார்க்கிற ஒவ்வொன்றும் பேசத் தொடங்கும்.

ஆலிவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் தோல் மாதிரி தடித்துக் கரும்பச்சையாக இருக்கும். அடிப்பக்கம் வெள்ளி நிறம். அந்த வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்களின் அடுக்கு. இலையின் சுவாசத் துளைகளை மூடி நின்று, ஈரம் வெளியே போகாமல் காக்கிறது. காற்றடிக்கும்போது தோப்பு முழுக்க ஒரு கணம் வெளுத்து மறுகணம் கறுப்பதற்கு இதுதான் காரணம். மரம் பூக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் கொஞ்சம் குளிர் பட வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் கன்று வைத்தால் இலை தழைக்கும், காய் காண்பது அரிது என்பதும் அதனால்தான். கிரீட்டிலேயே இப்போது இது கவலையாகிவிட்டது. குளிர் குறைந்த குளிர்காலத்துக்குப் பிறகு பூ சரியாகப் பிடிப்பதில்லை. 2023இல் கிரீஸ் முழுக்க விளைச்சல் பெரிதாகச் சரிந்து, எண்ணெய் விலை ஏறியது. அங்கே ஒரு விவசாயியோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேளுங்கள். கடற்கரை எப்படி என்பதைவிட அவர் மனம்விட்டுப் பேசும் விஷயம் இது.

தீவில் பெரும்பாலான மரங்கள் கொரோனெய்கி என்ற ரகம். காய் சிறியது, நம் நெல்லிக்காயில் பாதிகூட இருக்காது. எண்ணெய்ச் சத்து அதிகம். மேற்கிலும் கிழக்கிலும் மலையோரக் கிராமங்களில் சூனாட்டி என்ற பழைய ரகமும் உண்டு. ஆனோ வூவெஸ் கிராமத்தில் நிற்கும் கிழட்டு மரம் இந்த ரகம்.

ஹானியா நகரத்திலிருந்து மேற்கே 30 கிலோமீட்டர் போனால் வருகிற சின்னக் கிராமம் அது. மரத்தின் அடிச் சுற்றளவு 12.5 மீட்டர். பக்கத்தில் போய் நின்றால் ஒரே அடிமரம் என்றே தோன்றாது. முறுக்கிப் பிழிந்த கயிறுகளாகப் பல தண்டுகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு மேலே ஏறுகின்றன. நடுவில் உள்கட்டை உளுத்துப்போய்ப் பொந்து. உள்ளே ஆள் நிற்கலாம். மரப்பட்டையில் அலை அலையாகப் புடைப்பும் குழியும். அந்தக் குழிகளில் விரலை வைத்துப் பார்த்தால் சில இடம் கல்லாகவும் சில இடம் பஞ்சாகவும் இருக்கும். அத்தனைக்கும் மேலே, இந்த வருஷம் துளிர்த்த இலையும் இந்த வருஷத்துக் காயும்.

வயது என்ன என்று கேட்டால் அங்கிருக்கும் பலகையை மட்டும் நம்ப வேண்டாம். மரத்தின் வயதை வளையம் எண்ணித்தான் துல்லியமாகச் சொல்ல முடியும். பழைய வளையங்கள் இருந்த உள்கட்டையே இல்லாதபோது எதை எண்ணுவது? குறைந்தது 2,000 ஆண்டு என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். 3,000, 4,000 என்று சொல்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் வயதைவிட வியப்பானது வேறொன்று. இந்த மரத்தின் அடிப்பாகம் காட்டு ஆலிவ், மேலே காய்ப்பது ஒட்டுக்கட்டிய நல்ல ரகம். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், பெயர் தெரியாத ஒருவர், காட்டு மரத்தில் நாட்டு ரகத்தின் கிளையைச் செருகிக் கட்டினார். அவர் கைவேலை இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வென்றவர்களின் தலைக்கு வைத்த மாலைக்கு இந்த மரத்தின் கிளைகளும் போயின. பக்கத்திலேயே ஒரு சிறிய ஆலிவ் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கல் செக்கு, கூடை, கருவிகளை அங்கே பார்க்கலாம். மரத்தின் நிழலில் அரை மணி நேரமாவது உட்கார நேரம் ஒதுக்குங்கள். பேருந்தில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஏறிப்போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இனி அறுவடை. அக்டோபர் கடைசியில் சிலர் காய் பச்சையாக இருக்கும்போதே பறிக்கத் தொடங்குவார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை தீவு முழுக்க இதே வேலை. மரத்தடியில் வலை விரிப்பார்கள். பேட்டரியிலோ காற்றழுத்தத்திலோ ஓடும் நீண்ட கோலின் நுனியில் விரல் விரலாக இருக்கும் கருவியை இலைக்குள் விட்டு உலுக்க, காய் மழையாகக் கொட்டும். வலையைச் சுருட்டி, குச்சியையும் பெரிய கிளையையும் பொறுக்கிவிட்டு, சாக்கில் கட்டி அன்றைக்கே ஆலைக்கு. பறித்த காய் மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிடும். அந்த வாடை எண்ணெயில் ஏறினால் போகாது.

எண்ணெய் ஆலை என்றதும் நம் மரச்செக்கைக் கற்பனை செய்துகொள்வோம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. எள்ளும் கடலையும் காய்ந்த விதைகள். ஆலிவ் ஒரு பழம், பாதியளவு தண்ணீர். ஆகவே பிழிவதைவிடப் பிரிப்பதுதான் இங்கே வேலை. காற்றடித்து இலையை நீக்கி, கழுவி, கொட்டையோடு சேர்த்து அரைக்கிறார்கள். கிடைக்கும் கூழை அரை மணி, முக்கால் மணி நேரம் மெதுவாகப் பிசைகிறது ஒரு தொட்டி. சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாவதற்கு இந்த அவகாசம் தேவை. சூடு கூட்டினால் எண்ணெய் அதிகம் வரும், வாசம் போய்விடும். 27 டிகிரிக்குள் வைத்து எடுத்தால்தான் புட்டியில் குளிர்முறை என்று போட்டுக்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய விதி. அதன்பிறகு வேகமாகச் சுழலும் உருளை சக்கையையும் தண்ணீரையும் எண்ணெயையும் தனித்தனியாக்குகிறது. கடைசிக் குழாயில் கலங்கிய பச்சை நிறத்தில் எண்ணெய் விழும். ஆலை முழுக்க அப்போதுதான் வெட்டிய புல்லின் மணம். ஐந்து கிலோ காய்க்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கிடைத்தால் நல்லது. கூலியாக எண்ணெயில் ஒரு பங்கை ஆலையே எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். மிஞ்சிய கொட்டைத்தூள் கொதிகலனுக்கு எரிபொருள். தங்கள் மூட்டை எப்போது தொட்டிக்குள் போகும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் அங்கேயே ரொட்டி சுட்டு, புது எண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நின்று வேடிக்கை பார்க்கிற வெளியூர்க்காரருக்கும் ஒரு துண்டு வரும். மறுக்காதீர்கள்.

அந்தத் துண்டை விழுங்கியதும் தொண்டையில் மிளகு கடித்தாற்போல் காந்தும், இருமல் வரும். எண்ணெய் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஓலியோகாந்தல் என்ற பொருளின் வேலை அது. அது இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரண மாத்திரையைப் போலவே உடலில் செயல்படுகிறது என்று 2005இல் ஓர் ஆய்வுக் குழு நேச்சர் இதழில் எழுதியது. நாக்கில் கசப்பு, தொண்டையில் காரம், மூக்கில் பச்சை வாசம்: புது எண்ணெயின் மூன்று லட்சணம். சுவை பார்க்கும் நிபுணர்கள் நீல நிறக் கோப்பையில் ஊற்றி, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, மூடியைத் திறந்து முகர்வார்கள். நீலம் எதற்கு என்றால், நிறத்தைப் பார்த்து மனம் மயங்காமல் இருக்க. பச்சையாக இருப்பதாலேயே எண்ணெய் நல்லது என்று ஆகிவிடாது.

இந்த எண்ணெயைச் சாப்பிட்டே கிரீட்காரர்கள் நூறு வயது வாழ்கிறார்கள் என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட்டின் கிராமத்து ஆண்களிடையே இதயநோய்ச் சாவு மிகக் குறைவாக இருந்தது உண்மை. அவர்கள் உண்ட கொழுப்பு குறைவில்லை. பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயிலிருந்து வந்தது. ஆனால் 1960ஐ ஒட்டிய அந்த மனிதர்கள் மலைமேட்டில் நடந்து உழைத்தவர்கள், இறைச்சியை எப்போதாவது கண்டவர்கள், கீரையும் பருப்பும் வாற்கோதுமை ரொட்டியுமாகச் சாப்பிட்டவர்கள். எண்ணெயை மட்டும் தனியே பிரித்துப் புகழ்வது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

சரி, திராட்சைக்கு வருவோம். ஹெராக்லியோன் நகரத்துக்குத் தெற்கே ஆர்ஹானெஸ், பெசா, டாஃப்னெஸ் என்று அலையலையான மேடுகளில் தோட்டங்கள் பரவிக் கிடக்கின்றன. அரை நாள் காரில் சுற்றினாலே நான்கைந்து ஒயின் ஆலைகளைத் தாண்டிவிடுவீர்கள். ஆனால் முதல் ஆலையாக வாத்திபெத்ரோவுக்குப் போகச் சொல்வேன். ஆர்ஹானெஸுக்குச் சற்றுத் தெற்கே மேட்டில் இருக்கும், கிரீட்டின் பண்டைய மக்களான மினோவர் காலத்து மாளிகையின் இடிபாடு அது. தொல்லியல் ஆய்வாளர் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் 1949இல் தோண்டத் தொடங்கி வெளிக்கொண்டுவந்தது. உள்ளே ஒரு அறையில், காலால் திராட்சை மிதிப்பதற்கான களிமண் தொட்டி. தொட்டியின் வாயில் ஒரு மூக்கு. மூக்குக்கு நேர் கீழே, சாறு விழத் தரையில் பதித்த பாத்திரம். கிட்டத்தட்ட 3,500 ஆண்டுப் பழையது. அதைப் பார்த்தவுடனே எப்படி வேலை செய்திருப்பார்கள் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். முற்றத்தில் ஆலிவ் பிழிந்த அமைப்பும் கிடைத்திருக்கிறது. வெளியே வந்து நின்றால் கண்ணெதிரே இன்றைய திராட்சையும் இன்றைய ஆலிவும். மினோவரின் புகழ்பெற்ற க்னோசோஸ் அரண்மனையின் கூட்டத்தில் நெரிபட்டு வந்தவர்களுக்கு இந்த இடம் பெரிய ஆறுதல். திறந்திருக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் விசாரித்துக்கொண்டு போங்கள்.

வெனிஸ்காரர்கள் இந்தத் தீவை 400 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். மால்வாசியா என்ற இனிப்பு ஒயின் இங்கிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்து வரை போயிற்று. 21 ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1669இல் தலைநகரமான ஹெராக்லியோன் ஒட்டோமான்கள் கைக்குப் போனதும் அந்த வணிகம் மங்கியது. அடுத்த அடி ஒரு பூச்சியிடமிருந்து. வேரில் உட்கார்ந்து சாறுறிஞ்சிக் கொடியைக் கொல்லும் பைலோக்செரா என்ற பேன் போன்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டிலேயே அழித்துவிட்டது. கடல் காத்ததால் கிரீட்டுக்கு அது 1970களில்தான் வந்து சேர்ந்தது. பழைய கொடிகளைப் பிடுங்கி, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டிய புதுக் கொடிகளை நட வேண்டியதாயிற்று. புதிதாக நடும்போது எவர் மனமும் சந்தையில் விலைபோகும் ரகத்தைத்தான் நாடும். நாட்டு ரகங்கள் ஒவ்வொன்றாக ஓரம்கட்டப்பட்டன.

அப்படிக் காணாமல் போகவிருந்த டாஃப்னி, பிலிட்டோ என்ற இரண்டு வெள்ளை ரகங்களை 1990களின் தொடக்கத்தில் அலாக்னி கிராமத்தின் லிராராகிஸ் குடும்பம் மீட்டு நட்டது. டாஃப்னி ஒயினை முகர்ந்தால் லாரல் இலையின் மணம் தெளிவாகத் தெரியும்; ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடியானோ என்ற இன்னொரு வெள்ளை ரகமும் ஒரு காலத்தில் ரெதிம்னோ மலைகளில் மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. இன்று தீவின் ஒயின்களில் பெயர் சொல்லும் ரகம் அது. சிவப்பில் கொட்சிஃபாலியும் மண்டிலாரியும் ஜோடி. முன்னதில் மென்மையும் மணமும் உண்டு, நிறம் போதாது. பின்னது கரும் நிறமும் துவர்ப்பும் கொண்டது. கலந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு போய், உலகமெல்லாம் கிடைக்கும் ஷார்டொனே வேண்டாம், உங்கள் ஊர் ரகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் மலர்ந்துவிடும்.

ஒயின் குடிக்காதவர்கள் இந்தத் தோட்டங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. கொடியை எப்படிக் கவாத்து செய்கிறார்கள், கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று குலைகளை எப்படிக் குளிர்விக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே போதுமான விருந்து. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்ட திராட்சையைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். கம்பத்தில் குளிர்காலத் தூக்கம் இல்லாததால் கவாத்து செய்து ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறார்கள். கிரீட்டில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே அறுவடை. அதே மாதங்களில் சுல்தானா திராட்சையைப் பொட்டாஷ் கரைசலும் ஆலிவ் எண்ணெயும் கலந்த நீரில் முக்கி வெயிலில் காயவைப்பார்கள். மேல்தோலின் மெழுகு இளகி, சீக்கிரம் காயும். துருக்கியோடு நடந்த போருக்குப் பின் 1922ஐ ஒட்டி ஆசியா மைனரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இந்தத் தொழிலைத் தீவில் வளர்த்தார்கள்.

அக்டோபர், நவம்பரில் கிராமங்களில் இன்னொரு வேலை நடக்கும். ஒயின் எடுத்த சக்கையைப் புளிக்கவிட்டு, செம்புக் கொப்பரையில் விறகெரித்து ராக்கி என்ற சாராயம் காய்ச்சுவார்கள். அதைச் சுற்றி ஊரே கூடும். சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு, மாதுளை, வறுத்த இறைச்சி என்று இரவு நீளும். காரோட்டி வந்தவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் இரவில் மன்னிக்காது.

இயற்கை என்றால் முதலிடம் சமாரியா மலையிடுக்குக்குத்தான். வெள்ளை மலைகளின் நடுவே ஓமாலோஸ் மேட்டில், கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து தெற்கே லிபியக் கடலோரம் இருக்கும் அகியா ரூமேலி வரை 16 கிலோமீட்டர் இறக்கம். 1962இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது நடுவிலிருந்த சமாரியா கிராமத்து மக்களை வெளியே குடியமர்த்தினார்கள். அவர்களுடைய கல்வீடுகள் பாதி வழியில் நிற்கின்றன. கிரி-கிரி என்ற காட்டாட்டைக் காப்பது பூங்காவின் முக்கிய நோக்கம். அந்த வீடுகளுக்கு அருகில் அவை பயமில்லாமல் வந்து நிற்கும். எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

முதல் மூன்று கிலோமீட்டர்தான் செங்குத்து. முழங்கால் அங்கேயே நடுங்க ஆரம்பிக்கும். அதனால் விடியலில் இறங்கத் தொடங்குங்கள், கணுக்காலைப் பிடிக்கும் காலணி போடுங்கள். வழியில் குடிக்க ஊற்று நீர் கிடைப்பதால் ஒரு புட்டி போதும். பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தபின் இரண்டு பக்கமும் 300 மீட்டர் சுவர் எழும்ப, நடுவே பாதை 4 மீட்டருக்குள் ஒடுங்கும் இடம் வரும். மேலே பார்த்தால் வானம் ஒரு நாடா. காலடியில் ஓடும் சின்ன நீரோடை, குளிர்காலத்தில் ஆறாகிச் சுவரிலிருந்து சுவர் வரை நிறைந்து ஓடும். அதனால்தான் மே தொடக்கம் முதல் அக்டோபர் கடைசி வரை மட்டுமே அனுமதி. அந்த மாதங்களிலும் மழையோ கடும் வெயிலோ வந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். நுழைவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளியேறும் வாயிலில் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். இருட்டியபின் உள்ளே யாரும் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாதே என்ற அக்கறை. அகியா ரூமேலிக்குச் சாலை கிடையாது. மாலைப் படகில் சோரா ஸ்ஃபாக்கியோனுக்கோ சூகியாவுக்கோ போய், அங்கிருந்து பேருந்து. சொந்தக் காரை ஓமாலோஸில் விட்டால் திரும்ப எடுக்க ஒரு நாள் வீணாகும். போகவும் பேருந்தே நல்லது.

கடற்கரைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பாலோஸும் எலஃபோனிசியும் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கின்றன. எலஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணல் நுண்ணுயிர்களின் ஓடுகள் நொறுங்கிக் கலந்தது. ஒரு கைப்பிடிகூட எடுத்துவரக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கூட்டம் மணலையும் மிதிக்கிறது, போனவர் மனசையும் கெடுக்கிறது.

அதற்குப் பதிலாக அதே மேற்குக் கரையில் ஃபலசார்னாவுக்குப் போங்கள். கடற்கரையின் வடகோடியில் ஒரு பழைய துறைமுகத்தின் இடிபாடு இருக்கிறது. கப்பல் கட்டிய கரையும் கோட்டைச் சுவரும் அப்படியே நிற்கின்றன. தண்ணீர் மட்டும் இல்லை. கி.பி. 365இல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் தீவின் மேற்கு முனையே மேலே தூக்கப்பட்டது. சில இடங்களில் 9 மீட்டர் வரை. இந்தத் துறைமுகம் 6 மீட்டருக்கு மேல் உயர்ந்து கடலை விட்டு விலகி நின்றுவிட்டது. ஆப்பிரிக்க நிலத்தட்டு கிரீட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருப்பதால் நேர்ந்தது இது. மலைகள் எழும்பியதும் அதே தள்ளலில்தான்.

கிழக்குக் கோடியில் வாய் என்ற இடத்தில் கடலோரப் பேரீச்சங்காடு இருக்கிறது. ஐரோப்பாவில் இயற்கையாக வளர்ந்த பனை இனக் காடுகளில் இதுவே பெரியது. இந்தப் பேரீச்சை இனத்துக்குக் கிரீட்தான் முக்கிய வீடு. 1970களில் கூடாரமடித்துத் தங்கியவர்கள் குப்பையும் தீயுமாகக் காட்டைச் சீரழித்தபிறகு வேலி போட்டுக் காப்பாற்றினார்கள். போகும் வழியில் டோப்லூ மடத்தையும் பாருங்கள். கோட்டை போன்ற சுவர்களுக்கு வெளியே அந்த மடத்தின் சொந்தத் திராட்சையும் ஆலிவும் விரிந்து கிடக்கின்றன.

இப்போது மாதத்துக்குத் திரும்புவோம். பூவும் பசுமையும் வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். கொடியில் இளந்தளிர், ஆலிவில் பூ, மலை முழுக்கக் காட்டுப் பூ, உச்சியில் மிச்சப் பனி. திராட்சை அறுவடை பார்க்க ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். எல்லாவற்றிலும் கொஞ்சம் வேண்டுமென்றால் என் தேர்வு அக்டோபரின் கடைசிப் பத்து நாள். ஒயின் நொதித்துக்கொண்டிருக்கும், ராக்கிக் கொப்பரை ஏறியிருக்கும், முந்திப் பறித்த ஆலிவை அரைக்கும் ஓரிரு ஆலைகள் ஓடத் தொடங்கியிருக்கும், சமாரியா இன்னும் மூடியிருக்காது. மழை வந்து அந்த நடையைக் கெடுக்கலாம்; அந்தத் துணிவோடுதான் போக வேண்டும். நடக்க முடியாதவர்கள், பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் நவம்பர் நடுவில் போகட்டும். ஆலைகள் முழுவீச்சில் இருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஆனால் தென்கரைப் படகுகள் குறைந்துவிடும், கடலோர விடுதிகள் பாதி பூட்டியிருக்கும்.

ஹானியாவில் நான்கு நாள், ஹெராக்லியோன் பக்கம் ஆர்ஹானெஸிலேயே மூன்று நாள், கிழக்கே சித்தியாவில் இரண்டு நாள் தங்கினால் ஓடாமல் பார்க்கலாம். ஹானியாவிலிருந்து ஹெராக்லியோன் 140 கிலோமீட்டர்; வடகரை நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிராமங்களுக்குப் பேருந்து அடிக்கடி இல்லை, கார் வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் ஊர் அது. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். விசா ஷெங்கன் விசாதான். சிறிய ஒயின் ஆலைகளுக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை; அறுவடை நாளில் வீட்டுக்காரரே கத்தரிக்கோலோடு தோட்டத்தில் நிற்பார்.

எண்ணெய் வாங்கும்போது கண்ணாடிப் புட்டியின் அழகைப் பார்க்காதீர்கள். வெளிச்சமும் வெப்பமும் காற்றும்தான் எண்ணெயின் எதிரிகள். தகர டப்பாவே மேல். எக்ஸ்ட்ரா வர்ஜின் என்றால் அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சுவையில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது. அதோடு அறுவடை ஆண்டும் மாதமும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒயினைப் போல வைத்திருந்து பழக்கும் பண்டம் இது கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள். திறந்தபின் இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தக்காளியைத் துருவி, உப்புப் போட்டு, காய்ந்த ரொட்டியின் மேல் பரப்பி, இந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றிச் சாப்பிடுங்கள். கிரீட்டில் வாற்கோதுமை ரஸ்க்கின் மேல் இதையே செய்து, கொஞ்சம் புதுப் பாலாடைக்கட்டியைத் தூவி, டாகோஸ் என்று தருவார்கள்.